நாலு மணிக்குள் ஒரு ப்ராசஸர்

அத்தியாயம் 17

சக்தி மிளகு பறிக்க ஏறிய மரத்திலிருந்து விழுந்து ஏழு மாதம் ஆகிறது. இடுப்புக்குக் கீழே அவனுக்கு உணர்ச்சி இல்லை. தொடரை விடாமல் படித்து வருகிறவர்களுக்கு இதை மறுபடி சொல்ல வேண்டியதில்லை. இந்த வாரம் புதிதாக வந்து உட்கார்ந்தவர்களுக்காகத்தான் இந்த இரண்டு வரி.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அவனுக்குக் கால் மட்டும் போகவில்லை. இது வேண்டும், இது வேண்டாம் என்று சொல்கிற வழக்கமும் சேர்ந்து போய்விட்டது. இட்லியா தோசையா என்றால், "எதுன்னாலும் செரி." ஜன்னலைத் திறக்கட்டுமா மூடட்டுமா என்றால், "எதுன்னாலும் செரி." ஏற்காடு பக்கம் நாகலூரில் அந்த வீட்டுச் சுவர்கள் இந்த ஏழு மாதத்தில் அதிகம் கேட்ட வார்த்தை அதுதான்.

அழுகையெல்லாம் இரண்டாவது மாதத்தோடு முடிந்துவிட்டது. இப்போது யாரும் அழுவதில்லை. அவரவர் வேலையை அவரவர் செய்கிறார்கள், சாப்பிடுகிறார்கள், படுக்கிறார்கள்.

போன வாரம் பிசியோதெரபி கொடுக்க வந்த ஃபெபி, கிளம்பும்போது சக்தியின் அக்கா கீர்த்திகாவை வாசலுக்குக் கூப்பிட்டாள்.

"அவர் உடம்ப நான் பாத்துக்கறேங்க. நீங்க ஒண்ணு பண்ணுங்க. அவருக்காக நீங்க யாரும் எதையும் முடிவு பண்ணாதீங்க. சின்னதோ பெருசோ, அவரே ஒண்ணு எடுக்கோணும். எடுத்துட்டார்னா அப்புறம் அதை மாத்தாதீங்க. உங்களுக்குப் பிடிக்கலைன்னாலும் மாத்தாதீங்க."

கீர்த்திகா தலையாட்டினாள். இதில் என்ன கஷ்டம் என்று அப்போது நினைத்தாள்.

அப்படித்தான் கம்ப்யூட்டர் பேச்சு வந்தது. விழுவதற்கு முன் சக்தி ஏற்காட்டில் ஒரு ஓட்டலில் ரிசப்ஷனில் இருந்தான். சம்பளத்தில் மிச்சம் பிடித்து, சொந்தமாக ஒரு கேமிங் கம்ப்யூட்டர் போட வேண்டும் என்பது அவன் ஆசை. அந்தப் பணம் தொடாமல் அப்படியே இருந்தது. வாங்கிவிடலாமா என்று கீர்த்திகா கேட்டபோது, "செரி" என்றான். கேபினெட் கறுப்பா வெள்ளையா? எதுன்னாலும் செரி. மானிட்டர்? செரி. கிராபிக்ஸ் கார்டு? கடைக்காரர் சொல்றதே செரி. எல்லாம் முடிவாகி, ஒன்றே ஒன்று மிச்சம் இருந்தது: கம்ப்யூட்டருக்கு மூளை மாதிரியான ப்ராசஸர்.

வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்கு சேலத்திலிருந்து கம்ப்யூட்டர் கடை சரவணனின் குரல் வாட்ஸ்அப்பில் வந்தது.

"ஏனுங்க மேடம், ப்ராசஸர் எதுன்னு இன்னிக்கு நாலு மணிக்குள்ள சொல்லிப் போடுங்க. இன்டெல்லா, ஏ.எம்.டி.யா. அது முடிவானாத்தான் அது உக்கார்ற போர்டு எடுக்க முடியும். அதுக்கு ஒரு சாக்கெட்டு, இதுக்கு ஒரு சாக்கெட்டு, மாத்தி உக்காராதுங்க. நாளைக்குக் காலைல முட்டை லோடு வண்டி ஏற்காட்டுக்கு வருது, டிரைவர் நமக்குத் தெரிஞ்சவர்தான். அதை விட்டா அடுத்த வாரம்தானுங்க."

கீர்த்திகா ஏற்காடு பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு ஆன்லைன் சென்டரில் வேலை பார்க்கிறாள். பட்டா விண்ணப்பம், சாதிச் சான்று, ஆதார் திருத்தம் எல்லாம் அவளுக்கு அத்துப்படி. ப்ராசஸரைப் பற்றி அவளுக்கு ஒரு வாரத்துக்கு முன் ஒன்றுமே தெரியாது. சரவணனைக் கேட்டுக் கேட்டு, ஒரு வெள்ளைத்தாளில் நடுவே கோடு போட்டு, இரண்டு பக்கமும் எழுதிக்கொண்டு வந்திருந்தாள். இதற்காகவே இன்றைக்கு லீவும் போட்டிருந்தாள்.

"சக்தி, பாரு. இந்தப் பக்கம் இன்டெல், ஐ ஃபைவ். உள்ள வேலை செய்யற கோர் பதினாலு. அந்தப் பக்கம் ஏ.எம்.டி., ரைசன் செவன். எட்டு கோர். கோர் எண்ணிக்கைய வெச்சு முடிவு பண்ண வேண்டாம், விளையாட்டுக்கு ரெண்டுமே ஒண்ணுக்கொண்ணு கொறைச்சல் இல்லைங்கறாரு கடைக்காரரு. இன்டெல்லு கொஞ்சம் கரண்டு கூடத் தின்னும். வெலையில பெரிய வித்தியாசம் இல்ல."

"எதுன்னாலும் செரிக்கா."

"எதுன்னாலும்னு ஒரு ப்ராசஸர் அவர் கடையில இல்லையாம்டா."

அவன் சிரிக்கவில்லை. அவள் தாளையும் ஒரு பென்சிலையும் அவன் கைக்கு எட்டுகிற இடத்தில் வைத்தாள்.

அடுப்படியிலிருந்து அம்மா கௌரி எட்டிப் பார்த்தாள். "பதினாலு பெருசா எட்டு பெருசா? பதினாலுதான? அப்புறம் இதுல ரோசன பண்ண என்ன கெடக்குது?"

"அப்படி இல்லம்மா. அவன்தான் சொல்லோணும்."

அப்பா அம்மாசி அறை வாசலில் நின்றிருந்தார். நிலைப்படிக்கு உள்ளே அவர் கால் வைத்து ஏழு மாதம் ஆகிறது. மார்ச் மாதத்தில், மிளகு பறிக்கிற ஆள் வராத அன்றைக்கு, லீவில் இருந்த மகனிடம், "ஒரு மரந்தான் சாமி, ஏறி முடிச்சுப்போடு" என்று சொன்னவர் அவர். ஒற்றை மூங்கில் ஏணி. ஈரப் பட்டை. மறு வாரமே, மிளகுக் கொடி படர்ந்திருந்த அந்த சில்வர் ஓக் மரத்தை அவர் வெட்டிச் சாய்த்து பலகையாக அறுத்துப் போட்டார். காப்பித் தோட்டத்து ஓரத்தில் பலகை அப்படியே கிடக்கிறது. அதை எதற்கும் எடுக்க அவருக்கு மனசு வரவில்லை.

"நா வேணா சாமிகிட்ட பூ கேட்டுட்டு வாரேன்" என்றாள் கௌரி.

"கம்ப்யூட்டருக்கா?" என்றார் அம்மாசி.

"ஏனுங்க, போர் போட கேட்டீங்க, மாடு வாங்க கேட்டீங்க. இதுக்குக் கேட்டா மட்டும் சாமி கோவிச்சுக்குமா? அவஞ் சொல்லல, சாமியாவது சொல்லட்டும்." கீர்த்திகாவிடம் கையை நீட்டினாள். "கண்ணு, அந்த ரெண்டு பேரையும் துண்டுச்சீட்டுல தமிழ்ல எழுதிக் குடு."

மாரியம்மன் கோயில் பூசாரி செங்கோடன் கதவைத் திறந்து வைத்துவிட்டு மழைக்கு ஒதுங்கி நின்றிருந்தார். கௌரி வெள்ளை அரளியில் ஒன்றும் சிவப்பு அரளியில் ஒன்றும் பறித்துக்கொண்டு வந்திருந்தாள். ஒரே அளவுக் காகிதத்தில் இரண்டையும் தனித்தனியாக மடித்து அம்மன் காலடியில் போட்டு, கலைத்து, ஒன்றை எடுக்க வேண்டும். அந்த ஊரில் கல்யாணம் முதல் வரப்புத் தகராறு வரைக்கும் அப்படித்தான் தீருகிறது.

"என்ன காரியமா கேக்கறோம்?"

"கம்ப்யூட்டருங்க பூசாரிண்ணா."

செங்கோடன் அவளை ஒரு தடவை பார்த்தார். காணாமல் போன எருமை கிழக்கே போனதா மேற்கே போனதா என்றுகூட அவர் கேட்டுச் சொல்லியிருக்கிறார். இது புதிது. ஆனாலும் அவர் ஒன்றும் சொல்லவில்லை. அந்த வீட்டு ஆட்களிடம் இப்போது ஊரில் யாரும் ஒன்றும் சொல்வதில்லை.

"செரி. எது வெள்ளை, எது செகப்புன்னு மனசுக்குள்ள நெனச்சுக்கோ. வெளிய சொல்லக் கூடாது."

கௌரி சீட்டைப் பார்த்தாள். ஒரு பேரை வெள்ளைக்கு வைத்தாள், இன்னொரு பேரைச் சிவப்புக்கு வைத்தாள். கண்ணை மூடினாள். மகன் நடக்க வேண்டும் என்று கேட்கவில்லை. அதைக் கேட்டுக் கேட்டு அவளுக்கு வாய் ஓய்ந்துவிட்டது. எது நல்லது என்று மட்டும் கேட்டாள்.

செங்கோடன் ஒன்றை எடுத்துப் பிரித்தார். வெள்ளை.

திரும்பும் வழியில் எஸ்டேட் கேட் பக்கத்தில் அதே ஊர்த் தங்கம்மா பிடித்துக்கொண்டாள். பையன் எப்படி இருக்கான், சாப்பிடறானா, பேசறானா, சேலத்து ஆஸ்பத்திரிக்கு மறுபடி எப்போ. கௌரி எல்லாவற்றுக்கும் பதில் சொன்னாள். ஏழு மாதமாகச் சொல்கிற அதே பதில்கள்தான், அவள் யோசிக்காமலே வந்தன. மழை வலுக்க, முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்து சேர்ந்தாள்.

"வெள்ளைங்க" என்றாள் வந்ததும்.

"எதும்மா வெள்ளை?" என்றாள் கீர்த்திகா.

கௌரி சீட்டை எடுத்துப் பார்த்தாள். இன்டெல், ஏ.எம்.டி. சீட்டில் பேர் இருந்தது, நிறம் இல்லை. ஈரக்கையோடு சீட்டைத் திருப்பியும் பார்த்தாள்.

"அதுதான் கண்ணு மறந்துபோச்சு."

கீர்த்திகா முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டாள். அம்மாசி வாசலிலிருந்தே, "சாமி என்ன சொல்லுச்சுன்னு உனக்கே தெரியல. நல்லாக் கேட்ட போ" என்றார்.

"பூசாரிய மறுபடி பாக்கட்டுங்களா?"

"ஒரு காரியத்துக்கு ரெண்டு தடவை கேக்கப்படாது" என்றார் அம்மாசி. அதுவும் சரிதான்.

அப்போதுதான் கட்டிலிலிருந்து குரல் வந்தது.

"இன்டெல்லு."

மூன்று பேரும் திரும்பினார்கள். சக்தி தாளைக் கையில் வைத்திருந்தான். எப்போது எடுத்தான் என்று யாரும் பார்க்கவில்லை.

"எதுன்னாலும் செரின்னுதான சொன்ன?" என்றாள் கீர்த்திகா.

"இல்ல. இன்டெல். அதையே போடச் சொல்லு."

கௌரி சீட்டை இடுப்பில் செருகினாள். "ஆமா, இன்டெல்லுதான் வெள்ளை. இப்பத்தான் ஞாபகம் வருது" என்றாள். அது பொய்யென்று எல்லாருக்கும் தெரியும். யாரும் அவளை மறித்துப் பேசவில்லை. அவள் நேராக அடுப்படிக்குப் போய் ரவை டப்பாவை எடுத்தாள். ஏழு மாதமாக அந்த வீட்டில் இனிப்பு செய்யவில்லை.

அம்மாசி இடுப்பு வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டார். பிறகு நிலைப்படியைத் தாண்டி உள்ளே வந்தார். மகனைப் பார்க்காமல், சுவரோரம் நின்ற சக்கர நாற்காலியிடம் போய், கை வைக்கிற இடத்தின் உயரத்தை ஒரு கயிற்றில் அளந்து முடிச்சுப் போட்டார்.

"மேசைக்கு" என்றார் பொதுவாக. "பலகை கெடக்குது. சும்மாதான கெடக்குது."

அவர் போன பிறகு கீர்த்திகா கட்டிலோரம் உட்கார்ந்தாள். ஃபெபி மேடத்துக்கு முதலில் சொல்ல வேண்டும் என்று நினைத்தாள்.

"பதினாலு கோர்ங்கறதுனாலயாடா?"

"இல்ல."

"பின்ன?"

அவன் தாளை அவளிடம் நீட்டினான். அவள் எழுதியதில் கடைசி வரியின் கீழ் பென்சிலால் கோடு போட்டிருந்தது. 'பின்னால் மாற்ற' என்று அவளே தலைப்புக் கொடுத்திருந்த வரி. ஏ.எம்.டி. பக்கம்: அதே போர்டில் இனி வரும் புது ப்ராசஸரை மாற்றிக்கொள்ளலாம். இன்டெல் பக்கம்: இந்த சாக்கெட்டுக்கு இதுதான் கடைசி, அடுத்தது வராது.

"இதுக்காகவா? டேய், அது மைனஸ்டா. இன்டெல்லு வேண்டாம்ங்கறவங்க இதுக்குத்தான் வேண்டாம்பாங்களாம். அஞ்சு வருஷம் கழிச்சு மாத்தோணும்னா போர்டோட சேத்து மாத்தோணும்."

"அஞ்சு வருஷம் கழிச்சு மாத்தறவனுக்குத்தான் அது மைனஸ்" என்றான் சக்தி. "நா அவ்ளோ நாளுக்கெல்லாம் யோசிக்கலக்கா. அடுத்தது வரும், மாத்தோணும்னு ஒரு நெனப்பு எதுக்கு? இதோட முடிஞ்சுதுன்னா முடிஞ்சுது."

கோபமாகச் சொல்லவில்லை, வருத்தமாகவும் சொல்லவில்லை. மஞ்சக்குட்டைக்கு பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டால் சொல்வானே, அந்தக் குரல். சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான். வெளியே பனிமூட்டத்தில் ஒன்றும் தெரியவில்லை.

கீர்த்திகா பென்சில் கோட்டை மறுபடி பார்த்தாள். அவன் எடுத்துவிட்டான். எல்லாரும் கேட்டபடி, தானே படித்து, யோசித்து, ஒன்றை எடுத்துவிட்டான். ஆனால் இரண்டில் எதற்கு நாளை இல்லையோ, அதைப் பார்த்து எடுத்திருக்கிறான். அம்மா ரவை வறுக்கிறாள். அப்பா பலகை புரட்டுகிறார். அவர்கள் இருவருக்கும் பிள்ளை ஆசைப்பட்டு ஒன்று கேட்டான் என்பது மட்டும்தான் தெரியும்.

மணி மூன்றே முக்கால். அந்த வீட்டில் போன் பேச வேண்டுமென்றால் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் போய் நிற்க வேண்டும், அங்கேதான் டவர் கிடைக்கும். அவள் குடையை எடுத்துக்கொண்டு போனாள்.

வழியில் அம்மாசி பலகையைத் தூக்கி நிறுத்தி, கயிற்றை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். "கண்ணு, அந்தப் பொட்டி மேசை மேல நிக்குமா, கீழ நிக்குமா? அதுக்குத் தக்க அகலம் வெக்கோணும்."

"மேலதாங்கப்பா."

"அப்பச் செரி." அவர் முகத்தில் ஏழு மாதத்துக்கு முந்தைய முகம் கொஞ்சம் தெரிந்தது. அவரிடம் அவள் எதைச் சொல்வாள்? குடையைச் சாய்த்துக்கொண்டு தொட்டிப் பக்கம் நடந்தாள்.

முதலில் ஃபெபியைக் கூப்பிட்டாள். அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. இந்நேரம் வேறு யாருக்காவது காலை நீட்டி மடக்கிக்கொண்டிருப்பாள். எடுத்தால் மட்டும் என்ன சொல்லப் போகிறாள், போன வாரமே சொல்லிவிட்டாள். உங்களுக்குப் பிடிக்கலைன்னாலும் மாத்தாதீங்க.

மூன்று ஐம்பதுக்கு சரவணனின் நம்பரை அழுத்தினாள்.

"சொல்லுங்க மேடம். எது போடட்டும்?"

இன்டெல் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள்.

"ஏ.எம்.டி." என்றாள்.

"உறுதிதானுங்களா? காலைல தம்பி இன்னும் சொல்லலைன்னீங்க."

"சொல்லிட்டான். ஏ.எம்.டி.யே போடுங்க. போர்டு நல்ல போர்டா போட்டுருங்க. பின்னால மாத்திக்கற மாதிரி."

"அதெல்லாம் கவலையே வேண்டாமுங்க. தம்பி வெவரமாத்தான் எடுத்துருக்காரு. அஞ்சு வருஷம் கழிச்சு ப்ராசஸர மட்டும் கழட்டி மாட்டிக்கலாம். செரிங்க, இப்பவே எடுத்து வெச்சு, எல்லாத்தையும் ஒண்ணாக் கோத்து, ஓட்டிப் பாத்து அனுப்பிடறேன்."

போனை வைத்த பிறகு தப்பு செய்துவிட்டோம் என்று நெஞ்சு அடித்துக்கொள்ளும் என்று காத்திருந்தாள். அப்படி ஒன்றும் வரவில்லை. நல்லது செய்துவிட்டோம் என்ற நிம்மதியும் வரவில்லை. ஈரப் புல்லில் செருப்பில்லாமல் நின்றிருந்ததில் பாதம் விறைத்திருந்தது. அது மட்டும்தான் தெரிந்தது.

உள்ளே போனபோது கேசரி தயாராகி, கிண்ணத்தில் ஆவி பறந்துகொண்டிருந்தது. கௌரி ஒரு ஸ்பூன் எடுத்து ஊதி மகன் வாயருகே கொண்டுபோனாள். அவன் ஸ்பூனைத் தன் கையில் வாங்கிக்கொண்டு, தானே சாப்பிட்டான்.

"சக்கரை தூக்கலா இருக்குதும்மா."

கௌரி கிண்ணத்தைக் கட்டிலோரம் வைத்தாள். ஏழு மாதமாக உப்பில்லாத ரசத்தையும் அடிப்பிடித்த சோற்றையும் ஒரு வார்த்தை சொல்லாமல் விழுங்கியவன்.

"தூக்கலா இருக்குதா சாமி?" என்றாள். "அடுத்த தடவை கொறைச்சுப் போடறேன். கட்டாயம் கொறைச்சுப் போடறேன்." முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அடுப்படிக்குப் போகாமல் அங்கேயே நின்றுகொண்டாள்.

கீர்த்திகா கதவோரம் நின்றாள். சக்தி அவளைப் பார்த்தான்.

"சொல்லிட்டியாக்கா?"

"ம். சொல்லிட்டேன்."

"இன்னொரு தடவை போன் பண்ணு. கடையில கோக்க வேண்டாம்னு சொல்லு. எல்லாம் டப்பாவோட பிரிக்காம அனுப்பட்டும்."

"எதுக்குடா?"

அவன் தன் இரண்டு கையையும் போர்வைக்கு மேலே எடுத்து வைத்தான். விரல்களை ஒரு தடவை மடக்கி நீட்டிப் பார்த்தான்.

"இது நல்லாத்தான இருக்குது. ப்ராசஸர நானே போர்டுல உக்கார வெக்கறேன். ஓட்டல்ல வேலை பாக்கறப்ப வீடியோ பாத்துப் பாத்துக் கத்துக்கிட்டதுதான். அப்பாவும் மேசைக்கு அளந்துட்டுப் போனாருல்ல."

கௌரி மகளைப் பார்த்துச் சிரித்தாள். வெளியே அம்மாசி ரம்பம் போடுகிற சத்தம் கேட்டது.

"போக்கா. கோத்துடப் போறாரு" என்றான் சக்தி.

கீர்த்திகா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். மணி நாலு பத்து. மறுபடியும் தண்ணீர்த் தொட்டிக்கு நடந்தாள். தொட்டியருகே வந்ததும் போன் சிணுங்கி, சரவணன் அனுப்பிய படம் வந்து விழுந்தது. கடை மேசை மேல் எல்லாம் வரிசையாக எடுத்து வைத்திருந்தார். பில்லும் போட்டாகிவிட்டது. நடுவில் ப்ராசஸர் டப்பா, இன்னும் பிரிக்காமல்.

டப்பா மேலேயே ஏ.எம்.டி. என்று பேர் பெரிதாகப் போட்டிருந்தது.